ஏரி யாரையும் கல்லாக்கவில்லை

போன மாதம் ஒரு மின்னஞ்சல் வந்தது. ஒரு இளைஞர் சூழலியல் கவிதைகளைத் தொகுக்கிறாராம். 2014-இல் ஒரு சிற்றிதழில் வந்த என் கவிதையைச் சேர்த்துக்கொள்ள அனுமதி கேட்டிருந்தார். கல்லூரிக் காலத்தில் அதை மனப்பாடமாகச் சொல்லித் திரிந்ததாக வேறு எழுதியிருந்தார். சாதாரணமாக இப்படி ஒரு கடிதம் வந்தால் அன்றைக்கு முழுக்க எனக்குக் கால் தரையில் பாவாது. இந்த முறை வயிற்றைக் கலக்கியது.

அந்தக் கவிதை, தான்சானியாவின் வடக்கு எல்லையில் இருக்கும் நேட்ரான் ஏரியைப் பற்றியது. தன் தண்ணீரைத் தொட்ட பறவைகளை எல்லாம் கல்லாக்கிவிடும் ஏரி என்று எழுதியிருந்தேன். ஏரிதான் கௌதமன், பறவைதான் அகலிகை. (புதுமைப்பித்தன் 'சாப விமோசனம்' எழுதினாலும் எழுதினார், தமிழில் எழுத வருகிற ஒவ்வொருவரும் ஒரு அகலிகையையாவது கல்லாக்காமல் விடுவதில்லை. நானும் விடவில்லை.) எழுதியபோது நான் அந்த ஏரியைப் பார்த்ததில்லை. அதன் புகைப்படங்களைத்தான் பார்த்திருந்தேன். போன ஆகஸ்டில்தான் நேரில் போனேன். நான்கு நாள் அதன் கரையோரக் கிராமத்தில் தங்கினேன். அந்தப் புகைப்படங்களைத் திரும்பப் படிக்க வேண்டியிருக்கிறது. என் கவிதையையும்தான்.

*

2013 அக்டோபரில் இணையத்தில் இருந்தவர்கள் அந்தப் படங்களைத் தப்பவிட்டிருக்க முடியாது. அசையாத சாம்பல் நிறத் தண்ணீரில் கழுத்தை வளைத்து உட்கார்ந்திருக்கும் ஒரு பூநாரை. பட்ட கிளையில் அமர்ந்திருக்கும் ஒரு மீன்கழுகு. ஒரு புறா, ஒரு வௌவால். எல்லாம் உயிரோடு இருக்கும் தோரணையில். கிட்டப் போய்ப் பார்த்தால் கண் இருந்த இடத்தில் குழி. உடம்பு முழுக்க உப்புப் பூத்த தோல். கறுப்பு வெள்ளைப் படங்கள். மேலே 'விலங்குகளைக் கல்லாக்கும் ஏரி' என்று தலைப்பு. என்னுடைய முகநூல் பக்கத்தில் மட்டும் ஒரே வாரத்தில் ஏழெட்டுப் பேர் பகிர்ந்திருந்தார்கள்.

எடுத்தவர் நிக் பிராண்ட், பிரிட்டிஷ் புகைப்படக்காரர். கிழக்கு ஆப்பிரிக்க விலங்குகளைப் பற்றி அவர் வெளியிட்ட மூன்று புத்தகங்களில் மூன்றாவதான 'அக்ராஸ் தி ராவேஜ்ட் லேண்ட்' 2013-இல் வந்தது. படங்கள் அதில் இருப்பவை. அந்தப் பறவைகள் ஏரியைத் தொட்ட கணத்தில் உறைந்துபோனவை என்று அவர் எங்கேயும் சொல்லவில்லை. கரையில் ஒதுங்கிக் கிடந்த செத்த உடல்களை எடுத்து, உயிரோடு இருக்கும் நிலையில் தானே நிறுத்தி வைத்துப் படம் எடுத்ததாக வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார். சிறகை வளைக்கவோ தலையைத் திருப்பவோ முடியாத அளவுக்கு அவை இறுகிப்போயிருந்தன என்றும் சொல்லியிருக்கிறார். பறவைகள் எப்படிச் செத்தன என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது, கண்ணாடி போன்ற நீர்ப்பரப்பை வெட்டவெளி என்று நினைத்து வந்து மோதியிருக்கலாம் என்பது அவருடைய ஊகம். அவ்வளவும் அச்சில் இருக்கிறது. நான்தான் படிக்கவில்லை. பகிர்ந்தவர்களும் படிக்கவில்லை. படத்தைப் பார்த்ததும் நம்முடைய வேலை முடிந்துவிட்டது.

அப்படியென்றால் பிராண்ட்மேல் குற்றமே இல்லையா? பல நாள் இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அவ்வளவு சுலபமாக விட மனம் வரவில்லை.

முதலில் அவர் பக்கம் நின்று பேசிவிடுகிறேன். பிராண்ட் காட்டு விலங்குகளை எடுக்கும் விதமே வேறு. தூரத்திலிருந்து பெரிய லென்ஸ் வைத்துச் சுடும் ஆள் இல்லை. நடுத்தர அளவு ஃபிலிம் கேமராவோடு கிட்டப் போய், ஸ்டுடியோவில் ஒரு மனிதரை உட்கார வைத்து எடுப்பதுபோல எடுப்பார். யானைக்கும் சிங்கத்துக்கும் அவர் கொடுத்த அந்த மரியாதையைத்தான் செத்த புறாவுக்கும் கொடுத்திருக்கிறார். குப்பையாகக் கிடந்த ஒன்றை எழுப்பி உட்காரவைத்து முகம் கொடுத்தது சின்ன விஷயம் இல்லை.

அடுத்தது இதைவிட முக்கியம். அந்தப் புத்தகத்தில் இந்தப் படங்கள் தனியாக இல்லை. மனிதர்கள் கொன்ற யானைகளின் தந்தங்களைத் தாங்கி நிற்கும் வனக் காவலர்களின் படங்கள் அதில் உண்டு. வேட்டைக்காரர்கள் பாடம் செய்து சுவரில் மாட்டிய தலைகளை, அந்த விலங்கு வாழ்ந்த நிலத்திலேயே கொண்டுபோய் நிறுத்தி எடுத்த படங்கள் உண்டு. அவற்றோடு சேர்ந்துதான் நேட்ரான் பறவைகள் வருகின்றன. மூன்று வகைச் சாவு, மூன்றும் நம்மைப் பார்க்கும்படி நிறுத்திவைக்கப்பட்டிருக்கின்றன. வரிசையாகப் புரட்டுகிறவருக்குக் கொன்றது யார் என்ற கேள்வி தானாகவே எழும். தந்தத்துக்கு ஒரு பதில், பாடம் செய்த தலைக்கு ஒரு பதில் கிடைத்துவிடும். பறவைக்கு மட்டும் பதில் இருக்காது. புத்தகத்துக்குள் அது நல்ல மௌனம்.

இணையம் என்ன செய்தது? மூன்றாவது வகையை மட்டும் உருவி எடுத்தது. தந்தமும் காவலரும் பின்னால் நின்றுவிட்டார்கள். கேள்வி மட்டும் கூடவே வந்தது. காலியாக இருந்த கொலைகாரன் நாற்காலியில் ஏரியைத் தூக்கி உட்காரவைத்துவிட்டோம்.

பிராண்டோடு எனக்கு வழக்கு இருப்பது இரண்டு இடத்தில். ஒன்று, பெயர். படங்களுக்கெல்லாம் 'கால்சியம் ஏறிய' என்ற பொருளில் தலைப்பு வைத்திருக்கிறார். இந்த ஏரியின் கதை முழுக்கச் சோடியத்தின் கதை. சோடியம் கார்பனேட், பைகார்பனேட், கொஞ்சம் சாப்பாட்டு உப்பு. நேட்ரான் என்ற பெயரே சோடா உப்பின் பழைய பெயர். பழைய எகிப்தியர்கள் பிணங்களைப் பதப்படுத்தப் பயன்படுத்தியது அதைத்தான். பள்ளிக்கூடத்தில் சோடியத்துக்கு 'என்ஏ' என்று குறியீடு படித்தோமே, அதுவும் அந்தப் பெயரிலிருந்து வந்ததுதான். ஆக அந்தப் பறவைகளுக்கு நடந்திருப்பது நமக்கு ரொம்பப் பழக்கமான ஒரு வேலை: கருவாடு. செத்தது உப்பில் ஊறி வெயிலில் காய்ந்து கெடாமல் இருக்கிறது. கருவாட்டைக் கையில் வைத்துக்கொண்டு உப்புதான் மீனைக் கொன்றது என்று நம் ஊரில் யாரும் சொல்வதில்லை.

இரண்டாவது, நிறம். இதை ஏரிக்குப் போன பிறகுதான் உணர்ந்தேன்.

*

என் நண்பன் தார் எஸ் சலாமில் வேலை பார்க்கிறான். காயல்பட்டினத்துக்காரன். ஸ்வாஹிலியில் அண்ணன், சகோதரன் எல்லாம் 'காக்கா'. ஓட்டுநர் அவனைக் காக்கா காக்கா என்று கூப்பிடும்போதெல்லாம் ஊரில் தம்பிகள் கூப்பிடுகிற மாதிரியே இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே வந்தான். அருஷாவிலிருந்து ம்டோ வா ம்பு வரைக்கும் நல்ல தார்ச்சாலை. அந்த ஊர்ப் பெயருக்குக் கொசு ஆறு என்று அர்த்தம், பெயர் பொய் இல்லை. அங்கிருந்து வடக்கே திரும்பினால் மண் சாலை. இடது பக்கம் கூடவே வரும் செங்குத்தான மலைச் சுவர், பெரும் பிளவுப் பள்ளத்தாக்கின் மேற்கு விளிம்பு. வண்டிக்குப் பின்னால் எழுகிற புழுதி உட்காரவே உட்காராது. வழியில் பல இடங்களில் கட்டையைப் போட்டு நிறுத்தி நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். ஒவ்வொரு இடத்திலும் ஒரு ரசீது. கடைசியில் ரசீதுகளே ஒரு சிறு புத்தகம் மாதிரி ஆகிவிட்டது.

பிறகு முன்னால் ஒரு கூம்பு எழுந்தது. ஓல் தொய்ன்யோ லெங்காய், மாசாய் மொழியில் கடவுளின் மலை. இப்போதும் உயிரோடு இருக்கிற எரிமலை. உலகத்திலேயே இது மட்டும்தான் நேட்ரோகார்பனடைட் என்ற சோடாக் குழம்பைக் கக்குகிறது. மற்ற எரிமலைக் குழம்பில் பாதிச் சூடு. கறுப்பாக வெளியே வரும், காற்றின் ஈரம் பட்டால் கொஞ்ச நாளில் வெளுத்துவிடும். மலை உச்சியில் தெரிகிற வெள்ளையைப் பனி என்றுதான் முதலில் நினைத்தேன். நண்பன் விழுந்து விழுந்து சிரித்தான்.

எங்கரே செரோ, ஏரியின் தென்மேற்கே இருக்கிற கிராமம். 'எங்கரே' என்றால் தண்ணீர். பெயருக்கு ஏற்ப மலைச் சுவரிலிருந்து ஒரு ஓடை இறங்கி ஊர் வழியாகப் போகிறது. நல்ல தண்ணீர். நாங்கள் தங்கியது கூடாரம் அடித்துக்கொள்ள இடம் கொடுக்கிற ஒரு சாதாரண முகாம். பகலில் கூடாரத்துக்குள் இருக்க முடியாது, வேகும். மத்தியானத்துக்கு மேல் காற்று கிளம்பி வந்து கூடாரத் துணியைப் பிய்க்கிற மாதிரி அடிக்கும். ராத்திரியில் அது நின்றதும் எங்கோ மாட்டு மணிச் சத்தம். நடுராத்திரியில் எரிமலை ஏறுகிறவர்கள் கிளம்பிப் போகும் விளக்கு வெளிச்சம். விடியும்போது உச்சியில் இருப்பார்களாம். நாங்கள் ஏறவில்லை. எனக்கு முழங்கால், அவனுக்குச் சோம்பல்.

முதல் நாள் ராத்திரி சாப்பாட்டுக்கு உகாலியும் பீன்ஸும். சமையல்காரர் பீன்ஸ் கொதிக்கும்போது ஒரு சின்ன அழுக்கு வெள்ளைக் கட்டியைத் தட்டிப் போட்டார். என்ன என்று கேட்டோம். "மகாதி" என்றார். சோடாக் கட்டி. பருப்பு வகை சீக்கிரம் வேகப் போடுவது. எங்கள் பாட்டி கொண்டைக்கடலைக்குப் போடுகிற ஆப்பச்சோடாதான். அந்தக் கொலைகார ஏரியின் உப்பு தட்டில் இருந்தது, இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டேன்.

*

மறுநாள் விடியற்காலை ஏரிக்குப் போனோம். வழிகாட்டி, இருபத்தைந்து வயதுக்குள் இருக்கிற மாசாய் இளைஞர். சிவப்புக் கட்டம் போட்ட சுக்காவைப் போர்த்தியிருந்தார், காலில் டயர் செருப்பு. வண்டியை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு ரொம்ப தூரம் நடக்க வேண்டும். முதலில் புல். அதில் மாடுகள், கொஞ்சம் தள்ளி வரிக்குதிரைகள். புல் குறைந்து உவர்மண் ஆகும். பிறகு வெடித்த சேறு, அதன்மேல் வெள்ளைப் பொருக்கு, மிதித்தால் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. கரையில் வெந்நீர் ஊற்றுகள் வழிகிற சின்ன ஓடைகள். அதில் விரல் நீள மீன்கள் ஓடுகின்றன. கல்லாக்கும் தண்ணீரில், அதுவும் வெந்நீரில், மீன்! கையை விட்டுப் பார்த்தேன். சோப்பு போட்டதுபோல வழவழவென்று இருந்தது. கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டேன், அவ்வளவுதான் நடந்தது.

இந்த ஏரி 57 கிலோமீட்டர் நீளம். ஆனால் ஆழம் எங்கேயும் மூன்று மீட்டரைத் தாண்டாது. கென்யாவிலிருந்து ஒரு ஆறு வந்து விழுகிறது, ஊற்றுகள் கலக்கின்றன. வெளியே போக ஒரு வழியும் கிடையாது, ஆவியாவதைத் தவிர. எரிமலை மண்ணிலிருந்து கரைந்து வருகிற சோடா அத்தனையும் இங்கேயே தங்கிவிடுகிறது. காரம் ரொம்ப ஏறிய இடங்களில் அதையே விரும்பி வாழும் நுண்ணுயிர்கள் பெருகும். அவைதான் நிறம்.

அந்த நிறத்தைச் சொல்ல வேண்டும். கரையோரம் ரத்தம் கழுவிய தண்ணீர் மாதிரி ஒரு சிவப்பு. உள்ளே போகப் போக ஆரஞ்சு. வெயில் ஏறியதும் அதன்மேல் ஒரு வெள்ளிப் பாளம். அதற்கும் அப்பால், கெலாய் மலையின் அடிவாரத்தை ஒட்டியதுபோல, ஒரு இளஞ்சிவப்புக் கோடு. கோடு அசைந்தது. பூநாரைகள். சத்தம் முதலில் கேட்கவில்லை, காற்று திரும்பியதும் கேட்டது. சந்தை இரைச்சல். அந்தப் பறவைகளின் இளஞ்சிவப்பும் இந்தத் தண்ணீர்களில் வளர்கிற நீலப்பச்சைப் பாசியைத் தின்று வருவதுதான். ஏரி பறவைக்குள் போய் நிறமாகிறது.

பிராண்ட் எடுத்துவிட்டது இதைத்தான். அவர் அந்தப் புத்தகங்களுக்கு எல்லாவற்றையும் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர், நேட்ரானுக்காகச் செய்த சதி இல்லை. யானைக்கு அது பொருந்துகிறது. யானை ஏற்கெனவே சாம்பல்தான். ஆனால் உயிர் நிறமாக மட்டுமே தெரிகிற ஒரு இடத்தில் நிறத்தை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? சுடுகாடுதான் மிஞ்சும். அங்கே நின்றபோது என் கவிதையில் 'சாம்பல்' என்ற சொல் நான்கு தடவை வந்திருப்பது ஞாபகம் வந்தது. நான் ஏரியைப் பற்றி எழுதவே இல்லை. ஒரு ஃபிலிம் சுருளைப் பற்றி எழுதியிருக்கிறேன்.

இன்னொன்றும் அங்கே நிற்கும்போதுதான் உறைத்தது. உலகத்தில் இருக்கிற சிறு பூநாரைகளில் முக்கால்வாசி பிறப்பது இந்த ஒரு ஏரியில் என்பது பறவையியலாளர்கள் சொல்லும் கணக்கு. கிழக்கு ஆப்பிரிக்காவில் இவை வழக்கமாகக் குஞ்சு பொரிக்கிற இடம் இது ஒன்றுதான். மற்ற நாளெல்லாம் நகுரு, போகோரியா, மன்யாரா என்று ஏரி ஏரியாக மேய்ந்து திரியும். பிரசவத்துக்குத் தாய்வீடு வருகிற மாதிரி இங்கே வந்துவிடும். தண்ணீர் சரியான அளவுக்கு வற்றி நடு ஏரியில் சோடாத் திட்டுகள் மேலே வரும்போது, சேற்றைக் குவித்து மேடு கட்டி, ஒரு ஜோடிக்கு ஒரே ஒரு முட்டை. திட்டைச் சுற்றிலும் காரத் தண்ணீரும் சுடுகிற சேறும். நரியோ கழுதைப்புலியோ அதைத் தாண்டி வர முடியாது. பூநாரைக்குக் காலில் தடித்த செதில்தோல் இருக்கிறது. நாங்கள் சாபம் என்று எழுதிய அதே காரம்தான் அதன் தொட்டிலைச் சுற்றி வெட்டிய அகழி.

*

இதைப் பற்றி வந்த வேறு இரண்டு படைப்புகளைச் சொல்லியாக வேண்டும்.

'தி கிரிம்சன் விங்' என்று 2008-இல் டிஸ்னிநேச்சர் வெளியிட்ட ஆவணப்படம். மாத்யூ ஏபர்ஹார்ட், லியாண்டர் வார்ட் இருவரும் இயக்கியது. முழுக்க இந்த ஏரியின் பூநாரைகள்தான். அதன் வர்ணனை எனக்குத் தாங்கவில்லை. பீனிக்ஸ், மர்மம், விதி என்று ஒரே தூபம். ஒலியை அணைத்துவிட்டுப் பார்க்கலாம் என்றால் சினிமாட்டிக் ஆர்கெஸ்ட்ராவின் இசை நன்றாக இருக்கிறது, அதுவும் முடியாது. ஆனால் படத்தில் ஒரு காட்சி. குஞ்சுகள் கூட்டமாக நல்ல தண்ணீர் தேடி நடக்கின்றன. சில குஞ்சுகளின் காலில் சோடா படிந்து இறுகி வளையம் போலாகிவிட்டது. எட்டு வைக்க எட்டு வைக்க வளையம் தடிக்கிறது. கூட்டம் முன்னால் போய்விடுகிறது. கேமரா நகராமல் அந்தக் குஞ்சோடு நிற்கிறது. ஏரி கொல்லவே கொல்லாது என்று சொல்ல வந்தவனாக நான் மாறிவிடக் கூடாது என்பதற்காக அந்தக் காட்சியை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அது கொல்லும். ஆனால் அங்கே சாவுக்கு ஒரு முன்கதை இருக்கிறது. முட்டை, குஞ்சு, நடை எல்லாம் பார்த்த பிறகு வருகிற சாவு. பிராண்டின் பறவைக்கு அந்த முன்கதை கிடையாது. அது முதலிலிருந்தே செத்திருக்கிறது.

மற்றொன்று பழைய புத்தகம். லெஸ்லி பிரவுன் எழுதிய 'தி மிஸ்டரி ஆஃப் தி ஃப்ளமிங்கோஸ்', 1959. கென்யாவில் விவசாயத் துறையில் வேலை பார்த்த பறவையியலாளர். சிறு பூநாரைகள் எங்கே கூடு கட்டுகின்றன என்பது வெளியுலகுக்குத் தெரியாதிருந்த காலம். 1954-இல் அவர் விமானத்திலிருந்து இந்த ஏரியில் கூட்டைக் கண்டுபிடிக்கிறார். அத்தோடு திருப்தி வரவில்லை, நடந்து போய்ப் பார்க்கக் கிளம்பிவிட்டார். பொருக்கு உடைந்து சோடாச் சேற்றில் கால் புதைந்து, இரண்டு காலும் வெந்துபோயின. வாரக்கணக்கில் மருத்துவமனை, தோல் ஒட்டு அறுவை. ஏரியைச் சபிக்க யாருக்காவது உரிமை இருந்தால் அவருக்குத்தான். அவரோ தோல் தேறியதும் பூநாரைகளை எண்ணத் திரும்பிப் போனார். காலை ஏரிக்குள் வைத்தவர் அதைத் தாய்வீடு என்றார். வைக்காத நான் கொலைக்களம் என்றேன்.

*

ஒரு ஏரியைப் பற்றிய தப்பான கவிதையால் யாருக்கு என்ன நஷ்டம் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுப் பார்த்தேன்.

நேட்ரானுக்கு வடக்கே, கென்யாவில் மகாதி ஏரி இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே அங்கே சோடா அள்ளுகிறார்கள். சலவைத் தூளுக்கும் கண்ணாடிக்கும் போகிற சோடா. அந்த ஆலை இன்று டாடா கெமிக்கல்ஸ் கையில் இருக்கிறது. அதே குழுமமும் தான்சானிய அரசு நிறுவனமும் சேர்ந்து 2006-ஐ ஒட்டி நேட்ரானிலும் ஒரு ஆலை போடத் திட்டமிட்டன. ஆண்டுக்கு 5 லட்சம் டன். இதற்கு முன்பே, 2001-இல், நேட்ரான் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டிருந்தது. தான்சானியாவிலும் வெளியிலும் சூழலியலாளர்கள் எதிர்த்தார்கள். 2008-இல் டாடா விலகிக்கொண்டது. சோடா இன்னும் அங்கேயேதான் இருக்கிறது, அதன்மேல் ஆசையும்தான்.

பிராண்டின் படங்கள் பிரபலமானது அதற்குப் பிறகு. அவற்றால் ஆலை வந்தது என்று சொன்னால் அது இன்னொரு பொய்யாகிவிடும். நான் சொல்வது வேறு. ஒரு இடத்தைச் செத்த இடம் என்று ஊர் முழுக்க நம்பிவிட்டால், அங்கே ஆலை வருகிறது என்ற செய்தியைப் படிக்கும்போது நமக்கு ஒன்றும் தோன்றாது. 'போகட்டும், அந்தப் பாழும் ஏரிதானே' என்று அடுத்த செய்திக்குப் போய்விடுவோம். தரிசு, பாழ், புறம்போக்கு என்று பேர் வைக்கப்பட்ட நிலங்களுக்கு என்ன ஆனது என்று நமக்குத் தெரியாததா? சூழலியல் கவிதை என்று பேர் வாங்கிய ஒரு கவிதை அந்தப் பேர்வைப்புக்குக் கூட நின்றிருக்கிறது. அதுதான் வயிற்றைக் கலக்கியது.

*

மூன்றாம் நாள் நடந்ததை எழுதலாமா என்று ரொம்ப யோசித்தேன்.

அன்றைக்கும் விடியற்காலையில் ஏரிக்குப் போனோம். தண்ணீர் பின்வாங்கிய ஓரத்தில், நுரை காய்ந்து கோடாக நின்ற இடத்தில், ஒரு புறா கிடந்தது. வழிகாட்டிதான் காட்டினார். காட்டிவிட்டு நண்பனிடம் ஸ்வாஹிலியில் ஏதோ சொன்னார். நண்பன் மொழிபெயர்த்தான்: "வர்ற எல்லாருமே இதைத்தான் கேக்குறாங்களாம். கல் பறவை எங்கே, கல் பறவை எங்கேன்னு. உசிரோட இருக்குறத காட்டுனா பாதிப் பேரு போனை நோண்டிட்டு நிப்பாங்களாம்."

எடுத்துப் பார்த்தேன். கனமே இல்லை. வெயிலில் காய்ந்த வடகம் மாதிரி விறைப்பு. இறகுகள் உப்பில் ஒட்டி ஒரே தகடாக இருந்தன. ஒரு கால் இல்லை. கல் எல்லாம் இல்லை, கொஞ்சம் அழுத்தினால் ஒடிந்துவிடும்.

அடுத்து நான் செய்ததை நண்பன் பார்த்துக்கொண்டிருந்தான். பொருக்கு பிளந்து எழுந்திருந்த ஒரு விளிம்பில் அதைச் சாய்த்து நிறுத்தினேன். விழுந்தது. மறுபடி நிறுத்தினேன். மலை பின்னணியில் வருகிற மாதிரி குனிந்து, போனில் கறுப்பு வெள்ளைக்கு மாற்றி, மூன்று படம் எடுத்தேன். பிராண்டை விமர்சித்து ஒரு கட்டுரை எழுதுவதென்று அதற்கு முந்தின ராத்திரிதான் குறிப்பெல்லாம் எடுத்து வைத்திருந்தேன்.

"என்னடா பண்றே?" என்றான்.

"சும்மா" என்றேன்.

படம் நன்றாக வந்திருக்கிறது. அதுதான் பிரச்சினை. புறா உயிரோடு யோசித்துக்கொண்டிருப்பதுபோல இருக்கிறது. ஒற்றைக் கால் என்று யாருக்கும் தெரியாது. நிறுத்திவைத்த கை ஃபிரேமுக்கு வெளியே இருக்கிறது. பிராண்டாவது தன் கையை எழுத்தில் சொன்னார்.

வழிகாட்டி ஒன்றும் பேசவில்லை. நாங்கள் கிளம்பியபோது அந்தப் புறாவை எடுத்து முன்பு கிடந்த இடத்திலேயே போட்டுவிட்டு, கையில் ஒட்டிய உப்பை மண்ணில் தேய்த்துத் துடைத்துக்கொண்டு வந்தார்.

அன்று சாயங்காலம் அவரே எங்களை இன்னொரு இடத்துக்குக் கூட்டிப்போனார். ஏரியின் தெற்கே, ஊருக்குப் பக்கத்திலேயே. எரிமலைச் சாம்பல் சேறாகிப் பிறகு பாறையாக இறுகிய ஒரு தரை. அதில் மனிதக் காலடிகள், நானூறுக்கும் மேல். வயது ஏறத்தாழ 6,000-க்கும் 19,000-க்கும் இடையில் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். உலகத்துக்குச் சொன்னது ஆராய்ச்சியாளர்கள், முதலில் கண்டது இந்த ஊர் மாசாய்க்காரர் ஒருவர். சேர்ந்து ஒரே திசையில் நடந்த 17 பேரின் தடங்களை 2020-இல் வெளிவந்த ஆய்வு பிரித்துக் காட்டுகிறது. அதில் 14 பேர் பெண்களாக இருக்கலாம். ஏதோ பொறுக்கவோ கிழங்கு தோண்டவோ கூட்டமாகப் போயிருப்பார்கள். சில தடங்களில் ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரிகிறது. ஈரமான சேற்றில் குதிகால் வழுக்கிய இடங்களும் இருக்கின்றன.

ஏரிக்கரையில் கல்லானது என்று எதையாவது காட்டச் சொன்னால் இதைத்தான் காட்ட வேண்டும். யாரும் எடுத்து நிறுத்தாதது. வழுக்கியது வழுக்கியபடியே இருக்கிறது. நான் குனிந்து ஒரு தடத்துக்குப் பக்கத்தில் என் காலை வைத்து அளந்து பார்த்தேன். சின்னக் கால். என் அக்கா மகள் கால் அளவு இருக்கும்.

அங்கே படம் எடுக்கவில்லை என்று சொன்னால் நன்றாக இருக்கும். எடுத்தேன். வெயில் சாய்ந்துவிட்டதால் சரியாக வரவில்லை.

*

தொகுப்பாளருக்கு நேற்று பதில் எழுதினேன். கவிதை வேண்டாம், அதில் தகவல் தப்பு இருக்கிறது என்றேன். அரை மணி நேரத்தில் பதில் வந்துவிட்டது. 'கவிதையில் என்ன சார் தகவல் தப்பு' என்று ஒரு சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார். கீழே, அப்படியென்றால் அதே ஏரியைப் பற்றி வேறு ஏதாவது இருந்தால் அனுப்புங்கள், பதினைந்தாம் தேதி வரைக்கும் நேரம் இருக்கிறது என்று எழுதியிருந்தார்.

இரண்டு மூன்று தடவை உட்கார்ந்து பார்த்தேன். இளஞ்சிவப்பு என்று ஆரம்பித்தால் டிஸ்னி மாதிரி ஆகிவிடுகிறது. காலில் வளையத்தோடு நின்ற குஞ்சு வருகிறது, அதை நான் நேரில் பார்க்கவில்லை. பீன்ஸ் பானையில் விழுந்த சோடாக் கட்டியைப் பற்றி நான்கு வரி வந்திருக்கிறது. அதற்கு மேல் இன்னும் நகரவில்லை.